டாக்டரின் ஓட்டு

மனித வரலாற்றிலேயே முதுகெலும்போடு சட்டசபைக்குப் போன முதல் ஆள் எங்கள் டாக்டர்தான். இதை அவரே ஆஸ்பத்திரி வாசலில் அறிவித்தார்.

"இங்க பிரசவ வார்டை மூடுற மசோதாவை என் கட்சியே கொண்டு வந்தாலும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். ஓட்டெடுப்பு அன்னிக்கு நெஞ்சு வலின்னு படுத்துக்கிற ஆள் நான் இல்ல. அந்த வலிக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன் நான்!"

தலைமை நர்ஸ்தான் முதலில் கைதட்டினாள். தேர்தலில் லீவு போட்டு அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள்.

ஓட்டெடுப்பு நாளில் வார்டே டி.வி. முன்னால் நின்றது. ஓட்டுகள் சமமாயின. சபாநாயகர் மசோதாவுக்கு ஆதரவாகக் கை தூக்க, வார்டின் கதை முடிந்தது.

"நம்ம டாக்டரைக் காணோமேக்கா?" என்றாள் ஆயா.

"யாராச்சும் கடத்திட்டுப் போயிருப்பாங்கடி. அவராவது, வராம இருக்கிறதாவது!" என்றாள் நர்ஸ்.

அதற்குள் எமர்ஜென்சியில் கூப்பிட்டார்கள். பின்வாசல் வழியாக ஒரு நெஞ்சு வலி கேஸ். முகம்வரை போர்வை, வலது மார்பைப் பிடித்துக்கொண்டு ஒரே முனகல். நர்ஸ் பார்த்தாள். நாடி ஒழுங்காக ஓடியது, இ.சி.ஜி.யில் ஒரு குறையும் இல்லை.

போர்வையை விலக்கினாள்.

"இருதயம் இடது பக்கம் இருக்கு, டாக்டர்."

டாக்டர் கண்ணைத் திறக்காமல், கையை மெல்ல இடது பக்கம் நகர்த்திக்கொண்டார்.