விழுங்கிய வரி

"இந்த வரியை எழுதின புண்ணியவான் யாருங்க?"

சோதனைப் பிரிவுப் பெண் கேட்டதும், நிரல் எழுதும் அவன் திரையிலிருந்து தலையைத் தூக்கினான். மென்பொருளில் கிடக்கும் எந்தக் கல்லும் அவளிடம் தப்பாது. அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்றே பெயர்.

"நான்தான். பள்ளிக்கூட வேன் எங்க வருதுன்னு காட்டுற நம்ம ஆப் நடுநடுவுல நின்னு போச்சு. பெத்தவங்க போன் போட்டுக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. அதான், எந்தப் பிழை வந்தாலும் சத்தமில்லாம விழுங்கிடுன்னு ஒரு வரி போட்டேன். அப்புறம் ஒரு புகார் வந்துச்சா?"

"எப்படி வரும்? வேன்ல இருக்கிற இடம் சொல்ற கருவி செத்துப்போனாக்கூட உங்க வரி விழுங்கிடுது. பிழையே இல்லைன்னு நம்பி, நேரமானதும் ஆப் 'வீடு சேர்ந்தாச்சு'ன்னு பச்சை காட்டிடுது."

அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"இப்ப என் கம்ப்யூட்டர்ல மட்டும் அந்த வரியை எடுத்துட்டுப் பார்த்தேன். ஒரு வேன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பினதோட சரி. அப்புறம் தகவலே இல்ல. ஏரிக்கரை வழியாப் போற வேன்."

அவன் மகள் வரும் வேன் அது. அவளிடம் போனும் கிடையாது.

அவன் எழுந்து மனைவியை போனில் அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏரி, அந்த வளைவு, தண்ணீருக்குள் ஒரு வேன் என்று மனம் கண்டபடி ஓடியது. பெற்ற மகளுக்குத் தன் கையாலேயே குழி தோண்டிவிட்டோமோ என்று பயந்தான்.

"பாப்பா வந்துட்டாளா?"

"ம், வந்துட்டா. ஏன் உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"வந்துட்டாளாம்" என்று சல்லடையிடம் சொன்னான். அவளும் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"கொஞ்ச நேரத்துல என் உயிரையே வாங்கிட்டீங்க" என்று அவளைக் கடிந்துகொண்டு, போனை மறுபடி காதில் வைத்தான். "பாப்பாகிட்ட குடு. அவ குரலை ஒரு தடவை கேட்டுக்கறேன்."

"நான் எங்க வீட்ல இருக்கேன்? இன்னும் ஆபீஸ்லதான் மாட்டிக்கிட்டிருக்கேன். நம்ம ஆப்ல இப்பதான் பச்சை விழுந்துச்சு, அதைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."