இரண்டு சட்டிப் பருப்பு

சங்கரன்கோவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் அடுக்களையில் இரண்டு அடுப்புகள் எரிகின்றன. இந்த மாதம் ஓய்வுபெறும் ஸ்டேஷன் மாஸ்டர் குற்றாலநாதன் தன் ஊரான இளையரசனேந்தலில் குடியேற நினைக்கிறார். மனைவி ஆவுடையம்மாளுக்குத் தான் பிறந்த ஊர்தான் வேண்டும். அதனால் இரண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் வரவழைத்து, சட்டிக்கு ஒரு பிடி துவரம்பருப்பு போட்டிருக்கிறாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. நல்ல தண்ணீரில் குழைந்துவிடும். எந்த ஊர்ப் பருப்பு வேகிறதோ, அந்த ஊருக்கே போவது என்று பேச்சு. “விறகை உன் சட்டிக்குத் தள்ளாதட்டி” என்கிறார் அவர். “நீங்களே உக்காந்து கொடி காட்டுங்க” என்கிறாள் அவள். சன்னல் வெயிலில் இரண்டு ஆவியும் ஒன்றாகக் கலக்கின்றன. கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள். அவர் ஊர்ப் பருப்பு வெண்ணெயாய் வழிகிறது; அவள் ஊர்ப் பருப்பு விரலுக்கடியில் முழுசாக உருள்கிறது. ஜெயித்தவருக்குச் சங்கடமாக இருக்கிறது. “இன்னும் கொஞ்சம் வேகட்டுமே.” “வேகாது. எங்க ஊர்த் தண்ணி எனக்குத் தெரியாதா?” என்று தன் சட்டியை அவளே இறக்குகிறாள். தோற்போம் என்று தெரிந்தேதான் அடுப்பு மூட்டியிருக்கிறாள் என்பது புரிந்து, அவர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.