வலது காதில்

அன்புவழிபுரத்தில் இராகுலனின் ஒலிப்பதிவு அறை சின்னது. புஷ்பவதியும் தங்கை சோபனாவும் ஆறு வருடமாக அங்கே சேர்ந்து தேவாரம் பாடிப் பதிந்தவர்கள். அந்தப் பதிவுகளில் எல்லாம் வலது காதில் அக்கா கேட்பாள், இடது காதில் தங்கை. மாசி மாதம் அக்கா தவறிப்போனாள். முப்பத்தோராம் நாள் வீட்டில் போடுவதற்கு ஒரு பதிகம் பாடிவைக்க, ஒரு காலையில் சோபனா தனியாக வந்தாள்.

இராகுலன் அவளை நடுவில் நிறுத்தினான். இரண்டு மைக்குக்கும் இடையில் நாற்பது சென்ரிமீற்றர் விட்டான். ஒவ்வொன்றிலிருந்தும் அவள் வாய்வரை நாடாவால் அளந்தான். இரண்டும் தொண்ணூறு.

பதிந்து கேட்டபோது குரல் இடது பக்கம் மட்டுமே இருந்தது. மைக் பழுதென்று நினைத்து இரண்டையும் மாற்றிச் சொருகிப் பதிந்தான். அப்போதும் இடதுதான். மறுபடி அளந்தான். தொண்ணூறு, தொண்ணூறு.

"அக்கா, நீங்கள் அசைஞ்சனீங்களோ?" என்று சோபனாவைக் கேட்டான்.

"இல்லைத் தம்பி. நிண்ட இடத்திலதான் நிண்டனான்."

அவள் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள். வலது பக்கத்தில் பாட்டு இல்லை. ஒவ்வொரு அடி முடிவிலும் யாரோ சிரமப்பட்டு மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. அது முடியுமுன்பே இடது பக்கத்தில் அடுத்த அடி தொடங்கிவிடும். சோபனா கடைசிவரை கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"நான் அவசரப்பட்டுப் பாடிப்போட்டன்," என்றாள். "அக்காவுக்கு மூச்சு ஏலாது. இன்னொருக்காப் போடுங்கோ தம்பி, ஆறுதலாப் பாடுறன்."

இராகுலன் பதிவைத் தொடங்கினான். இந்தத் தடவை ஒவ்வொரு அடி முடிந்ததும் அவள், அக்கா வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்துக் காத்திருந்து, மெல்லத் தலையசைத்த பிறகே அடுத்ததை எடுத்தாள்.