பறவைத் தீவுக்குப் போகும் வேலை

பறவைத் தீவுக்குத் தினமும் போகிற வேலை என்றுதான் மஞ்சள் கயாக் படகு, பயிற்சியாளர் தேர்வுக்குப் போனது. நூறு முறை கவிழ்ந்து, நூறு முறை நிமிர்ந்து, தேறியும் விட்டது.

பிறகுதான் தெரிந்தது: புதுப் பயிற்சியாளர் தீவுக்குப் போகும் படகு வரிசையின் கடைசியில் வரவேண்டும், பயந்து திரும்பும் படகோடு தானும் திரும்பவேண்டும். தினமும் பாலத்தடியில் ஏதாவதொரு படகு பயந்தது.

ஒருநாள் பாலத்தடியில் எந்தப் படகும் பயப்படவில்லை. பாலத்தையும் தாண்டியாயிற்று. தூரத்தில் வெள்ளைச் சிறகுகள்கூடத் தெரிந்தன.

"அண்ணே, எனக்கு நடுங்குது. நீங்க போங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றது பக்கத்தில் வந்த குட்டிக் கயாக்.

"அங்க என்னடா இருக்கு? நான் பார்க்காத தீவா?" என்று மஞ்சள் கயாக் கரைப்பக்கம் மூக்கைத் திருப்பியது.

"எப்படிண்ணே இருக்கும்?"

கரை சேரும் வரை மஞ்சள் கயாக் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தது.