கால் கழுவும் ஞாயிறு

டெக்சஸ் பருத்தி வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன மென்னனைட் கிறிஸ்தவ சபை. நிலம் திருத்த வந்த முதல் தலைமுறையிலிருந்தே, அங்கே திருவிருந்து ஞாயிறன்று பெண்கள் இருவர் இருவராக ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். கிழவி மார்த்தா மட்டும் ஒரு வெறும் நாற்காலியின் முன் தண்ணீர்ப் பேசினை வைத்து மண்டியிட்டாள்.

“தங்கச்சிக்குக் கழுவுறா. அவவை இந்த வயலில புதைச்சுக் கன வருசம்,” என்றார் ரூபிகாவை முதன்முறையாக அங்கே கூட்டிவந்த இந்திராதேவி அன்ரி.

மார்த்தாவின் பேசினில் தண்ணீர் கறுப்பு வயல்மண்ணாகக் கலங்கியது. ஒருவரும் திடுக்கிடவில்லை.

“பிள்ளை, நீ ஆருக்குக் கழுவப்போறாய்?” அன்ரி கேட்டார்.

ரூபிகா சுத்தமான தண்ணீர் ஊற்றி, இன்னொரு வெறும் நாற்காலியின் முன் மண்டியிட்டாள். யுத்தத்தின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்கால் கரையில் விட்டுவந்த அம்மாவை நினைத்துக் கைகளை நனைத்தாள்.

பேசினின் அடியில் வெள்ளைக் கடல்மணல் படியத் தொடங்கியது.