வேற லைனே கிடையாது

“தப்பு என்மேலதான்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடு. சாட்சிக்கும் ஆள் வரச் சொல்லியிருக்கேன்.”

பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர் வீரமணி நீட்டிய காகிதத்தை, பிளம்பர் ஆரோக்கியராஜ் வாங்கவில்லை. பத்து நாளுக்கு முன்பு அவர் வீட்டுக் குளியலறையில் அவன் பொருத்திய ஷவர் வால்வு பளபளவென்று இருந்தது. ஆனால் அதற்கு ஒரு முழம் கீழே, டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

“செக் பண்ணாம எப்படிங்க எழுதறது?”

“எழுதாத. கல்யாண மண்டபத்துல இருபத்திரண்டு பாத்ரூம் வேலை பேசி வெச்சிருக்கியாமே? அந்த ஓனர் என் மச்சான். ஒரு போன் போட்டேன்னா நீ அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க முடியாது.”

அந்த வேலையை நம்பித்தான் ஆரோக்கியராஜ், ஓசூர் கம்பெனியில் கிடைத்த வேலையை வேண்டாமென்று சொல்லியிருந்தான். பெட்டிக்கு அடியில் அழுகல் தக்காளி வைத்தவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார் வீரமணி.

சாட்சி வந்துவிட்டது. எதிர்வீட்டு மலர்விழி, தெருக்குழாயில் பிடித்த அரைக்குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா, ஒகேனக்கல் குடிதண்ணி இன்னிக்கும் அரைக்குடந்தானா? வூட்டுக்கு வூடு மோட்டார் வெச்சு உறிஞ்சுனா தெருவுக்கு எப்படி வரும்?”

“எங்க வூட்ல மோட்டாரே இல்லீங்க. நீங்க மனு எழுதிப்போட்டு எங்க கனெக்‌ஷனை வெட்ட வெச்சு ஒரு மாசம் ஆச்சு. இன்னும் சொட்டுச் சொட்டாத்தான வருது?”

“எனக்கென்ன தெரியும்? என் வூட்ல அந்தக் கனெக்‌ஷனே கெடையாது. குளிக்க போர் தண்ணி, குடிக்க கேன் தண்ணி. அடுத்தவன் பங்கு எனக்கு எதுக்கு?”

அந்த போர் தண்ணியின் லட்சணம் ஆரோக்கியராஜுக்கும் தெரியும். அதில் ரசம் வைத்தால் உப்பே போட வேண்டாம். பத்தே நாளில் புது ஷவரின் கண்களில் வெள்ளை பூத்திருந்தது.

அவன் மாடிக்குப் போய்த் தொட்டியின் கேட் வால்வை இறுக்கி மூடிவிட்டு வந்தான். ஷவரைத் திறந்தான், கொஞ்சம் விழுந்து நின்றுபோனது. கால்மணி நேரம் காத்திருந்தார்கள். சுவரில் மட்டும் கசிவு நிற்கவேயில்லை.

“வால்வு காஞ்சு கெடக்குதுங்க. அப்புறம் எப்படிச் சுவத்துல ஊறும்?”

“அதான் உன் கைராசி. தண்ணி இல்லாமலே ஒழுகுது!”

“ரெண்டு டைல்ஸைப் பேத்துப் பாத்துடறேன்.”

“சுத்தியைத் தொட்ட, கை இருக்காது! பெங்களூர்லருந்து எறக்குன டைல்ஸுடா அது. எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு.”

“பைப் பதிக்கச் சுவத்துல காடி வெட்டறதுக்கு முந்தியே கேட்டனேங்க, உள்ளாற வேற பைப் லைன் எதுனா போவுதான்னு?”

“வேற லைனே கெடையாதுன்னு அன்னிக்கே சொன்னேன். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன். இந்தம்மாவே சாட்சி, போதுமா?”

ஆரோக்கியராஜ் பேனாவை வாங்கினான். காகிதத்தைச் சுவரில் அழுத்திப் பெயரின் முதல் எழுத்தைப் போடும்போது விரல் நனைந்தது. என்ன நினைத்தானோ, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

“அக்கா, சாட்சி நீங்கதான? இதையும் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க.”

“ஏய், அதெல்லாம் எதுக்கு?” என்று வீரமணி குறுக்கே பாய்வதற்குள் மலர்விழி சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள். ஒருமுறை சப்புக்கொட்டினாள். இடுப்புக் குடத்தைக் குனிந்து பார்த்தாள்.

“உப்பே இல்லியே… இது எங்க தெருக்கொழாத் தண்ணி!”