இருபத்து நாலு பேர்

'எங்கள் ஊர் வாத்தியார் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வதைக்கிறார்' என்று மனு வந்திருந்தது. கீழே முத்திருளன் என்று கையெழுத்து.

1938, பங்குனி மாதம். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் பால்பாண்டி பேரையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டு வண்டி பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

மனுவில் பொய் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

முத்திருளன் முன்னாலேயே வந்து காத்திருந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது. மகன் சுருளி மூன்றாம் வகுப்பு. அவன் பாதம் கொப்புளித்துப் போனதைச் சொல்லி வருத்தப்பட்டார். வாத்தியார் நல்லகாமன் தனக்கு மாப்பிள்ளை முறைதான், ஆனாலும் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்றார்.

இன்ஸ்பெக்டர் பாடத்தைக் கவனித்தார்.

நல்லகாமன், ஆறு வரிசையாக நிற்கச் சொன்னார். பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். வரிசைக்கு நாலு பேர்.

"ஆறு நாலு?"

"இருபத்து நாலு" என்று ஒரு சிறுமியின் குரல் முதலில் வந்தது.

"யாரும் எடம் மாறாம, நின்ன எடத்துலயே வலது பக்கம் திரும்புங்க."

திரும்பினார்கள். இப்போது நாலு வரிசை, வரிசைக்கு ஆறு பேர். ஆறு நாலும் நாலு ஆறும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லாமலே பிள்ளைகளுக்குத் தெரிந்துபோனது.

பிறகு ஐந்து வரிசையாகப் பிரியச் சொன்னார். வரிசைக்கு நாலு பேர் நின்றது போக நாலு பேர் தனியாக நின்றார்கள். சுருளியும் அதில் ஒருவன். "மீதி நாங்க" என்று அவன் கையைத் தூக்கிச் சொன்னான்.

வகுத்தலை இப்படிச் சொல்லிக் கொடுத்து இன்ஸ்பெக்டர் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளைகள் சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றதையும் அவர் பார்த்தார்.

வாத்தியாரைக் கூப்பிட்டு, இதையே புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி உள்ளே வைத்துச் சொல்லிக் கொடுக்கலாமே என்று கேட்டார்.

"சொல்லிக் குடுக்கலாங்கய்யா. கொட்டையும் ஒரு பெட்டி நெறையக் கெடக்கு."

"அப்புறம் எதுக்கு இந்த வெயிலு?"

நல்லகாமன் முத்திருளனை ஒருமுறை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்று முதல் கணக்குப் பாடம் வகுப்புக்குள்தான் நடக்க வேண்டும், மீறினால் சம்பளம் நிறுத்தப்படும் என்று அங்கேயே உத்தரவு எழுதினார். முத்திருளன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இப்பவே உள்ள நடத்துங்க. பாத்துட்டுத்தான் கிளம்புவேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாத்தியார் தரையில் புளியங்கொட்டையை ஆறு வரிசையாக அடுக்கினார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் சும்மா ஒரு பழக்கத்தில் தலைகளை எண்ணினார்.

இருபது.

மறுபடி எண்ணினார். இருபதுதான்.

திரும்பிப் பார்த்தார். வாசற்படிக்கு வெளியே நாலு பிள்ளைகள். அதில் ஒரு சிறுமி, தரையில் கிடக்கும் கொட்டையைப் பார்ப்பதற்காகக் குதிகாலைத் தூக்கி எட்டிக்கொண்டிருந்தாள். பொட்டலில் சுருளிக்குப் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் முதலில் விடை சொன்னவள் அவள்தான். தங்கப்பொண்ணு.

"ஏம்மா, உள்ள வாயேன்."

அவள் முத்திருளனைப் பார்த்தாள். எட்டிய காலைக் கீழே வைத்தாள்.

"நாங்க இங்கிட்டுத்தாங்கய்யா" என்றாள்.

அந்த நாலு பேரும் முத்திருளனின் வயலில் கூலி வேலை செய்கிற குடும்பங்களின் பிள்ளைகள். ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி இறங்காது.

நல்லகாமன் அப்போதுதான் வாய் திறந்தார். வந்த புதிதில் அவர்களை உள்ளே உட்கார வைத்ததையும், மறுநாளே மற்ற இருபது பேரும் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டதையும், எட்டு நாள் அவர்களுடைய வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இவர்களைத் திரும்ப வெளியே உட்கார வைத்ததையும் சொன்னார்.

"வாசப்படி இருந்தாத்தாங்கய்யா உள்ள, வெளிய. பொட்டல்ல அது இல்ல. கணக்குக்கு வரிசை நிக்கணும்னு சொன்னேன். பிள்ளைக பாட்டுக்குச் சேந்து நின்னுச்சுக. இந்த ஒரு மணி நேரந்தான் நாலு பேரும் ஆளுகளோட ஆளா நிக்கிறாங்க."

இன்ஸ்பெக்டர் தான் எழுதிய உத்தரவைக் குறுக்கே அடித்தார். அதன் கீழேயே வேறு எழுதி வாசித்துக் காட்டினார். பொட்டலில் நாலு பக்கமும் திறந்த ஓலைப் பந்தல் ஒன்று ஒரு வாரத்துக்குள் போட வேண்டும். கணக்கு மட்டுமில்லை, எல்லாப் பாடமும் இனி அதன் கீழேதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

"வெயிலைப் பத்தித்தான எழுதியிருந்தீங்க" என்று முத்திருளனிடம் சொன்னார். "நெழலுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். உங்க குறை தீந்துச்சு."

முத்திருளன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கிட்டத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பந்தல் சரிங்கய்யா. பந்தலுக்குக் கீழயும், எம்மகன் பக்கத்துல யாரு நிக்கிறதுன்னு ஒண்ணு இருக்குல்ல."

இன்ஸ்பெக்டர் மனுவின் வெறும் பின்பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"அதையும் எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

முத்திருளன் மகனைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பேனாவை வாங்க அவர் கை நீளவில்லை.